குழி வாயில் நின்ற கறுப்புப் பந்து

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் ஸ்னூக்கர் போட்டியில் தோற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“நீ கண்ண மூடிக்கிட்டா நான் எப்படி அடிக்கிறது?” என்றார்.

“அடிக்கிறது நீங்கதானே? கடைசிக் கறுப்புப் பந்து குழி வாயிலயே நின்னுச்சு. அத விட்டுட்டு என் மூஞ்சிய எதுக்குப் பாத்தீங்க?”

“இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நீ வந்திருக்க. பாக்குறியான்னு பாத்தேன்.”

“பயத்துல மூடிக்கிட்டேங்க. நெஞ்சு அப்படி அடிச்சுக்கிச்சு.”

“அடுத்த மேட்ச்சுக்கு நீ வரவே வேணாம்.”

“வருவேன். எனக்கு அந்த வெளையாட்டு புடிச்சுப் போச்சு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்க முதுகுப் பக்கமா உக்காந்துக்கிறேன்,” என்றார் அந்தம்மா. “திரும்பிப் பாத்தீங்கன்னா எதிராளிக்குத்தான் கை தட்டுவேன்.”