வண்டு முதுகில் ஒரு வெளிச்சம்

இல்ல பாக், உக்காரல. நிக்கறேன். ராத்திரி பூரா பஸ்ல உக்காந்தே வந்தேன், முட்டி ரெண்டும் கல்லாயிடுச்சு. காப்பியா, அது பாட்டுக்கு இருக்கட்டும், நின்னுக்கிட்டே குடிக்கறேன். நீங்கதானே பாக் ஹர்சோனோ, ஹர்சோனோ ஐயா? போன்ல நம்ம பூச்சிப் படக் குழுவுல அந்தப் பச்சை வண்டு படம் போட்டது நீங்கதானே? அப்பாடா. தெருமுனையில ஒருத்தரைக் கேட்டா, ஆடு வளக்கற ஹர்சோனோவா, ஐஸ் ஃபேக்டரி ஹர்சோனோவாங்கறாரு. பூச்சியப் படம் புடிக்கறவருன்னேன். ஓ, அந்த ஐஸ் ஃபேக்டரிப் பைத்தியமான்னு உங்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க, மலாங்ல எங்க தெருவுல எனக்கும் அதே பேருதான்.

நான் லாஸ்த்ரி. மூணு மெசேஜ் போட்டேனே? ஆமா, மூணுக்கும் நீங்க கைகூப்பற பொம்மையை அனுப்பினீங்க. இந்தப் படத்தை எந்த ஃபிளாஷ்ல எடுத்தீங்கன்னு கேட்டா அதுக்குக் கும்பிடா பதிலு? படத்தைப் பாராட்டறா போலன்னு நெனச்சீங்களாக்கும். சரி, பாராட்டறேன். படம் நல்லாத்தான் இருக்கு. வண்டோட மீசையில இருக்கற மயிரைக்கூட எண்ணலாம். போதுமா?

எனக்குத் தொழிலே அதுதான் பாக், பழைய ஃபிளாஷ். முன்னாடியெல்லாம் கல்யாணத்துல போட்டோ எடுக்கறவரு சுத்தியல் மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டு அலைவாரு, பார்த்திருப்பீங்க. அது இப்ப பழைய இரும்புக் கடையில குவிஞ்சு கிடக்கு. நான் பொறுக்கிட்டு வந்து உயிர் குடுப்பேன். உள்ள கரண்டைச் சேத்து வெக்கற கெப்பாசிட்டர் வருஷக்கணக்காத் தூங்கியிருக்கும். எடுத்த எடுப்புல கரண்டை முழுசா விட்டா டப்புன்னு போயிடும். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி குடுக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அப்புறம் தலையை அறுத்து, பல்பை வெளிய எடுத்து, லென்ஸுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி வெச்சுக் குடுப்பேன். மைக்ராஸ்கோப்புக்கு வேணும்னா அடியில, விளக்கு இருக்கற இடத்துல. வாங்கறது யாருங்கறீங்க? உங்களை மாதிரி ஆளுங்கதான். ஊருக்கு ஒருத்தராவது இருக்கீங்க.

உங்க வீட்டம்மா என்ன அப்படிப் பாக்கறாங்க? இல்லம்மா, விக்க வரல. பயப்படாதீங்க.

பாக், அந்த ஃபிளாஷைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன். பாக்கணும். இல்ல, இருங்க, மெதுவா எடுக்கலாம். காப்பி முடிச்சிடறேன். நல்லா வறுத்திருக்காங்க.

படத்தைப் பாத்து எப்படிக் கண்டுபிடிச்சேன்னா? அது பெரிய வித்தையெல்லாம் இல்ல. எல்லாரும் பூச்சியப் பாப்பாங்க, நான் அது முதுகுல விழுந்திருக்கற வெளிச்சத்தைப் பாப்பேன். வண்டு முதுகு கண்ணாடி மாதிரிதானே? எந்த விளக்கு அடிச்சுதோ அந்த விளக்கோட வடிவம் அப்படியே அதுல நிக்கும். பிங்பாங் பந்தை வெட்டி மாட்டியிருந்தா வட்டமா இருக்கும். தயிர் டப்பான்னா ஓரத்துல கோடு தெரியும். உங்க வண்டு முதுகுல நீளமா ரெண்டு வெளிச்சம், அரிசி மாதிரி. இடது பக்கத்து அரிசியில நுனியை எலி கொறிச்ச மாதிரி ஒரு கடி. நீங்க கவனிக்கலயா? யாருமே கவனிக்க மாட்டாங்க. அது நான் போட்ட கடி. வெள்ளை ஷாம்பு பாட்டிலை வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கேன், என் தம்பி பின்னாடியிருந்து என்னமோ சொல்லிச் சிரிக்க வெச்சுட்டான். ஈயம் பத்த வெக்கற சூட்டுக்கோல் போயி பிளாஸ்டிக்கைத் தின்னுடுச்சு. மாத்திடறேன்டான்னேன். வேணாங்க்கா, இதுதான் நம்ம கையெழுத்துன்னு புடுங்கிட்டுப் போயிட்டான்.

ஸேனோன்னு பேரு. என்னைவிட ஒம்பது வயசு சின்னவன். அவனுக்காகப் பண்ணினதுதான் அது, காதை மடக்கி மைக்ராஸ்கோப்புக்கு அடியிலயும் வெச்சுக்கலாம், வேற யாருக்கும் நான் அப்படிப் பண்ணினதில்ல. அவனுக்கு வண்டெல்லாம் புடிக்காது, தண்ணிதான். குளிக்கற தொட்டித் தண்ணியில ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடுவான். அதுக்குள்ள ஓடறதெல்லாம் ஒரு நிமிஷம் நிக்காது பாருங்க, சும்மா எடுத்தா கலங்கின கஞ்சிதான் தெரியும். ஃபிளாஷ் அடிச்சா அப்படியே நிக்கும், கால், மயிரு, வயித்துக்குள்ள இருக்கற முட்டை உட்பட. அக்கா இங்க வா, இங்க வான்னு கத்துவான். அடுப்புல வெச்சது தீயும், ஆனாலும் ஓடணும். ஓடலன்னா அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பான்.

எங்கயா? அதைத்தானே பாக் நான் தேடி வந்திருக்கேன். இந்த விளக்கு எங்க இருக்கோ அங்க என் தம்பி இருக்கணும். பையில வெச்சிருக்கேன் அக்கான்னு போன்ல அவன் வாயால சொன்னான். கடல் தண்ணி ராத்திரியில மின்னுதாம், அதுல என்ன இருக்குன்னு பாக்கணுமாம். இந்த மூஞ்சார் துறைமுகத்துல இருந்துதான் பேசினான். அதுக்கப்புறம் பேசல.

ஆ, கொண்டு வந்துட்டீங்களா.

குடுங்க. இல்ல, ஒண்ணும் பண்ண மாட்டேன், குடுங்க. எவன் பாக் இதுல சாக்கு ஒட்டற டேப்பை ஒட்டினது? நீங்களா? அறிவிருக்கா? சூடானா கோந்து உருகி உள்ள போகும். மன்னிச்சுக்கங்க. வாய் சும்மா இருக்காது எனக்கு. இதோ கடி. இதோ, தொட்டுப் பாருங்க. உள்ள சின்ன போர்டு ஒண்ணு பச்சை ஒயரோட இருக்கும். பழைய ஃபிளாஷை நேரா மாட்டினா புது கேமராவைச் சுட்டுடும்ல, அதுக்கு வெச்சது. ஆமா, இருக்கு. என்னோடதுதான்.

இதை ஒரு பையன்கிட்ட வாங்கினேன்னு சொல்றீங்க. ஒல்லியா, முன்பல்லு கொஞ்சம் தூக்கலா? அவன்தான். எப்பன்னு சொல்லாதீங்க! இருங்க. நான் கேக்கறப்ப சொல்லுங்க. முதல்ல மத்ததைச் சொல்லுங்க. காசா குடுத்தீங்க? மாத்திக்கிட்டானா? எதுக்கு? ரப்பர் பூட்ஸா. ஐஸ் ஃபேக்டரியில நீங்க போட்டுக்கிட்டிருந்ததா. அதோட மழைக்கோட்டும்.

இந்த அலமாரி மேல இருக்கறதெல்லாம் உங்க பேரப்பசங்களா? நல்லாருக்காங்க. ஜன்னலைத் திறக்கட்டுமா, ஒரே புழுக்கமா இருக்கு.

மூணு வாரம் முன்னாடிதானே அந்தப் படத்தைப் போட்டீங்க? அதை வெச்சுத்தான் நான் வீட்ல சண்டை போட்டேன். நல்ல சண்டை. மாமா என்னைப் பைத்தியம்னாரு, அம்மா அழுதாங்க. பாத்தீங்களா, விளக்கு வெளிய இருக்குன்னா அவனும் வெளிய இருக்கான், எங்கயோ கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், நான் போயி இழுத்துட்டு வரேன்னுட்டு பஸ் ஏறினேன். இல்லியா பின்ன? விளக்கு மட்டும் நீந்தி வருமா?

உங்களுக்குத் தெரியாதா பாக். இந்த ஊர்லதானே இருக்கீங்க. நோன்பு மாசம் மொத வாரம் ஒரு படகு போச்சே, திரும்பவே இல்லியே, பதினோரு பேரு. அதுலதான் ஏறினான். ரெண்டு பேரை எடுத்தாங்க, இவனை எடுக்கல. உடம்பு இல்லாமலே தொழுதாச்சு. நாப்பதாம் நாளைக்கு அம்மா அப்பம் சுட்டு ஊருக்கெல்லாம் குடுத்தாங்க. நான் தொடல. சாகாதவனுக்கு எதுக்கு அப்பம்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். வர்ற வியாழக்கிழமை நூறாம் நாள். நான் வந்து சொல்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டு வந்திருக்கேன்.

இப்ப கேக்கறேன். அவன் உங்ககிட்ட வந்தது நோன்புக்கு முன்னாடியா, அப்புறமா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவசரமே இல்ல.

அம்மா, நீங்க சொல்லாதீங்க, அவரே சொல்லட்டும்.

முன்னாடி.

நோன்பு தொடங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. படகுல ஏறப் போறேன், பூட்ஸ் இல்லன்னு சொன்னானா. அப்புறம் ஏன் ரெண்டரை மாசம் கழிச்சு படம் போட்டீங்க? ஓ. கரண்ட் அடிக்கும்னு உங்க வீட்டம்மா தொட விடலயா. சரியாத்தானே சொல்லியிருக்காங்க.

பையில இருக்குன்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்கான் பாருங்க, திருட்டு நாயி. நான் திட்டுவேன்னு பயந்திருப்பான். திட்டியிருப்பேன்தான். 

இல்ல பாக், நீங்க ஏன் அழறீங்க? உங்க மேல என்ன இருக்கு. கேட்டான், குடுத்தீங்க. வெறுங்காலோட அனுப்பலயே. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த பூட்ஸ் அவன் காலுக்கு அளவா இருந்துச்சா? பெருசா. கந்தலைத் திணிச்சுப் போட்டுக்கிட்டானா. அவன் அப்படித்தான், எதையாவது திணிச்சுச் சரி பண்ணிடுவான்.

வேணாம், விளக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கொண்டுபோயி என்ன பண்ண, நாளெல்லாம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க வண்டு எடுங்க. எடுத்தா குழுவுல போடுங்க, நான் பாத்துக்கறேன். அந்த டேப்பை மட்டும் இன்னைக்கே பிச்சுப் போடுங்க.

உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? என்னோடதுல சார்ஜ் இல்ல. அம்மாவைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை அப்பத்துக்கு அரிசி ஊறப் போடச் சொல்லணும்.