பாயில் ஒட்டிய தேயிலை

தொகுஸோ: முடிதான் டாக்டர். நக்குது, கக்குது. பூனைன்னா அப்படித்தானே?

டாக்டர் குவாபரா: வாரத்துக்கு எத்தனை தடவை?

சினாட்சு: ஒரு தடவை... இருக்கும்.

தொகுஸோ: அதுகூட இருக்காது. மருமக கூட்டிச் சொல்றா.

டாக்டர்: ரெண்டு பேரும் நல்லா ஒத்துப் பேசுறீங்க. உங்க பூனை ஒகாராதான் ஒத்துவர மாட்டேங்குது. புத்தாண்டுக்கு நாலு கிலோ இருந்துச்சு. இப்ப மே மாசம், மூணே கால். கக்குறதுக்கு முன்னாடி வயிறு குலுங்குமா?

சினாட்சு: நல்லா குலுங்கும். அப்புறம் மஞ்சளா, நுரையா...

டாக்டர்: அதுல முடி எங்க வந்துச்சு?

தொகுஸோ: நீ எப்ப பாத்த மஞ்சளா?

சினாட்சு: ஒரே ஒரு தடவை மாமா. மாடிப்படியில. பாயில இல்ல.

டாக்டர்: பாயில பட்டா என்ன?

சினாட்சு: தரை முழுக்கப் பதிச்ச தாத்தாமி வைக்கோல் பாயில ஒரு கறை பட்டாலும் பூனை வெளியேன்னு மாமா சொல்லியிருக்கார்.

தொகுஸோ: அது எட்டு வருஷம் முன்ன. என் மகன் ரியோஹேய் இதைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு. இப்ப அவனே இல்ல...

டாக்டர்: காலைக் காட்டுடா கண்ணா... விரலிடுக்குல என்ன இது? தேயிலைச் சக்கை. இதைத் தின்னுதா? பூனைக்கு ஆகாதே.

சினாட்சு: எங்க வீட்டுல தேயிலை கீழ கிடக்காதே.

டாக்டர்: பாய் பெருக்கறப்ப தூசி ஒட்டிக்க ஈரச் சக்கையைத் தூவுவாங்களே.

சினாட்சு: வேக்குவம் கிளீனர் இருக்கு டாக்டர். யாரு தூவ... மாமா?

தொகுஸோ: ...நாத்தம் போகும்.

சினாட்சு: என்ன நாத்தம்?

தொகுஸோ: விடியக்காலையில கக்கும். நீ எந்திரிக்கறதுக்குள்ள தொடச்சிடுவேன்.

டாக்டர்: தினமுமா?

தொகுஸோ: மார்ச்லேர்ந்து.

சினாட்சு: அதான் பாயை அவசரமா மறுபக்கம் திருப்பித் தைக்கக் குடுத்தீங்களா? அவரோட முதல் வருஷத் திதிக்குன்னு சொன்னீங்களே...

தொகுஸோ: திதியும்தான். கறையும்தான்.

டாக்டர்: உங்க கணக்கையும் சொல்லிடுங்கம்மா.

சினாட்சு: சாயங்காலம் ரெண்டு தடவை. மாமா குளிக்கப் போற நேரமாப் பாத்து தொடச்சிடுவேன். வெளிய அனுப்பிடுவாரோன்னு பயம்.

டாக்டர்: ஆக, நாளுக்கு மூணு. மாசத்துக்கு ரெண்டு மூணுன்னாலே காட்டணும். ரத்தமும் ஸ்கேனும் இன்னைக்கே எடுத்துடலாம். சிறுநீரகமா, தைராய்டா, குடலான்னு பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். வீட்டுல ஒரே நோட்டு வைங்க. நேரம், நிறம், என்ன தின்னுச்சு... ரெண்டு பேரும் அதுலயே எழுதுங்க. தேயிலையை நிறுத்துங்க.

சினாட்சு: சரி டாக்டர். மாமா, பூனையே வேணாம்னது நீங்க. எங்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?

தொகுஸோ: இதுக்காகத்தான நீ உங்கம்மா வீட்டுக்குப் போகாம இருக்க? இது நோயாளின்னு தெரிஞ்சா... இதுவும் போயிட்டா, இந்தக் கிழவனுக்காகவா இருக்கப்போற?

சினாட்சு: அம்மா கூப்பிடும்போதெல்லாம், பூனைக்கு இடம் மாறினா ஒத்துக்காதுன்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன் மாமா. உங்களை விட்டுப் போக மனசு வராதது எனக்குத்தான்.