நாலாவது பத்தி

இன்னொரு ஃபோட்டோ அம்மா வந்துட்டாங்கன்னு வாசல்ல காவலாளி சொன்னது உங்க காதுல விழுந்திருக்கும். கோவிச்சுக்காதீங்கம்மா, அவர் கேலியா சொல்லல. வெள்ளக்கார அரசாங்கம் போட்ட தடை நீங்கி, நம்ம இயக்கம் ஜோஹன்னஸ்பர்க்ல இந்த ஆபீசத் திறந்த நாள்லேர்ந்து தினமும் ரெண்டு மூணு பேர் வர்றாங்க. எல்லார் கையிலயும் ஒரு ஃபோட்டோ.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி என் மேஜைக்கிட்ட வாங்க. குவீன்ஸ்டவுன்லேர்ந்தா? அத்தன தூரமும் வேன்லயா? டீ போட்டுத் தர்றேன். சக்கரை எத்தன? மூணு கரண்டியா... ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். ஃபோட்டோவக் கவுத்தே வச்சிருங்க, டீ சிந்திரும்.

இது ஆள் தேடற பிரிவு இல்லம்மா, வெளிநாட்டுப் பிரிவு. மேல் மாடில கேட்டீங்களா? பதிவேட்டுல அப்படிப் பேரே இல்லன்னுட்டாங்களா? இருக்காது. நாட்ட விட்டுப் போன யாரும் சொந்தப் பேர்ல இல்ல. எல்லை தாண்டுன அன்னிக்கே ஒரு பேர் குடுத்துருவாங்க. பதினாறு வருஷம் நானும் வேற பேர்லதான் இருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரிகிட்டகூட ஊர் பேர் கேக்கக்கூடாது. கேட்டா உளவாளியோன்னு சந்தேகம் வந்துரும். போலீஸ்ல மாட்டுனா, அடி தாங்காம ஒருத்தர் வீட்ட இன்னொருத்தர் சொல்லிரக் கூடாதுல்ல, அதுக்கு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுன்னுதான் அப்ப நெனச்சோம்.

என் வேலையா? ஸாம்பியாவுல, லுசாகா ஆபீஸ்ல இருந்த வரைக்கும் கடுதாசி எழுதறதுதான். ஸ்வீடன்ல சர்ச்சுப் பொம்பளைங்க ஸ்வெட்டர் பின்னி மூட்ட மூட்டயா அனுப்புவாங்க. அங்கோலா முகாம் வெயில்ல ஸ்வெட்டர்! சிரிச்சுக்கிட்டே நன்றின்னு எழுதுவோம். ஹாலந்துல ஒரு கெழவர், நமக்காக இந்த நாட்டு ஆரஞ்சயே இருபது வருஷமா தொடல. போன மாசம் எழுதியிருக்கார், இப்பவாவது சாப்பிடலாமான்னு. பதில் போட இன்னும் நேரம் கெடைக்கல. இப்ப வர்றதெல்லாம் மந்திரிங்க, தூதருங்க. நாளைக்கு ஆட்சிக்கு வரப்போறவங்கன்னு பூங்கொத்து அனுப்பறாங்க. நம்மளத் துரத்தி விட்டவங்களும்தான் அனுப்பறாங்க. வாங்கித்தான் ஆகணும்னு எங்க துறைத் தலைவர் மொலெஃபி சொல்றார். தேர்தல் வர்றதுக்குள்ள அக்கம்பக்கத்து நாடெல்லாம் நம்ம பக்கம் நிக்கணுமாம். ரயிலு, கரண்டு, தண்ணி எல்லாத்துக்கும் அவங்க வேணுமே. தப்பு சொல்ல முடியுமா? நானே பத்துப் பேருக்கு அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

இன்னிக்கு மூணு மணிக்கு அப்படி ஒரு பக்கத்து நாட்டு மந்திரி வர்றார். அவங்க நாட்டுல நம்ம ஆபீஸ் திறக்க ஒப்பந்தம். நேத்து நான்தான் டைப் அடிச்சேன். மூணு பத்தி பூரா சகோதரம், நட்பு. நாலாவதுல ஒரே வரி. பழைய சம்பவங்கள ரெண்டு தரப்பும் இனி எழுப்பறதில்ல. மொலெஃபி சொல்லச் சொல்ல அடிச்சேன். ஒரு எழுத்து தப்பு விழலம்மா.

என்ன சம்பவமா? எம்பத்தாறுல அவங்க ஊர்ல நம்மாளுங்க அஞ்சு பேர் தங்கியிருந்த வீட்ட அவங்க போலீசே வந்து வளைச்சுருச்சு. இங்க உள்ள வெள்ளக்கார அரசாங்கம் குடுத்த நெருக்கடி. ஒருத்தரும் உயிரோட வெளிய வரல. லுசாகாவுக்கு டெலெக்ஸ் வந்துச்சு. அந்தச் சேதிய இருபத்திரண்டு நாட்டுக்கு அடிச்சு அனுப்புனது நான்தான். எங்க புதைச்சீங்கன்னு கேட்டோம். அப்படிப் பேருள்ள ஆளுங்களே இங்க இல்லன்னு பதில் வந்துச்சு. நாங்க எழுதுனது இயக்கம் வச்ச பேர். அந்த அஞ்சு பேரோட நெஜப் பேர் எங்களுக்கே தெரியாது. சொந்தப் பேர் இல்லாம எந்த நாட்டுக்காரன்கிட்ட போயி பொணம் கேக்கறது?

அழாதீங்கம்மா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலயே. சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி வர்றேன்.

அந்த அஞ்சு பேர்ல ரேமண்ட்னு ஒருத்தர். நல்ல ஒசரம். டீக்கு மூணு கரண்டி சக்கரை. இடது புருவத்துல வெட்டு. ஆமா, பாத்துட்டேன். நீங்க உள்ள நுழையறப்பவே ஃபோட்டோவப் பாத்துட்டேன். சின்ன வயசுல கெடா முட்டுனதுன்னு சொல்லியிருக்கார். வீட்டப் பத்தி அவர் வாயிலேர்ந்து வந்தது அது ஒண்ணுதான். நான் கேக்கவும் இல்ல. நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் கேக்கல. உளவாளின்னு நெனச்சுருவாரோன்னு பயம், எனக்குக்கூட. எங்க கல்யாணத்துல மாப்பிள்ள பக்கம் நின்னது ஒரு ஸாம்பியா டிரைவர்.

ஆமா அத்த.

இந்தக் கையப் புடிச்சுக்கங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க.

கார் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க போல. வரட்டும். மொலெஃபி கதவத் தட்டுவார், தட்டட்டும். இப்ப கைய விடுங்க அத்த, டைப்ரைட்டர்ல புதுத் தாள ஏத்தணும். மூணு பத்தி அப்படியே இருக்கட்டும். நாலாவது மட்டும் வேற. இன்னார எங்க புதைச்சீங்கன்னு அவரோட அம்மாவுக்குக் காட்டணும். அவ்வளவுதான் வரி. இன்னாருங்கற எடத்துல பேர் வேணும். முழுப்பேர் சொல்லுங்க, குலப்பேரும் சேத்து. மெதுவா, ஒவ்வொண்ணா. நானும் இப்பதான் மொத தடவ கேக்கப் போறேன்.

ஸோலானி... அடிச்சுட்டேன். அடுத்தது?