கள்ளிமுளையான் பறித்தவள்

"நாத்தம் குடலைப் புடுங்குதுக்கா. ஏதோ செத்துக் கிடக்குது—"

"கள்ளிமுளையான் பூத்திருக்கும்டி. அது பொணநாத்தம்தான் அடிக்கும், உனக்குத் தெரியா—"

"எங்கேக்கா பூ? மொட்டு விரியறதுக்குள்ள நீதானே தினம் மடி நிறையக் கிள்ளிக்கினு வந்து, தெருவுக்கே துவையல் அரைச்சுக் குடுத்தே?"

தானும் கிள்ள என்னோடு வந்த எதிர்வீட்டுக் காவேரி பாறையடியில் நின்று அப்படிக் கேட்டபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. பூவை விட்டு வைத்திருந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்தச் செடிக்கு இலை கிடையாது. பாறை வெடிப்பில் பச்சை விரல் மாதிரி சதைப்பற்றாக நிற்கும். புளி தூக்கலாக வைத்து அரைத்தால் என் வீட்டுக்காரர் சபாபதிக்கு இன்னும் இரண்டு வாய் சோறு இறங்கும். அதைக் கிள்ளத்தான் அன்றைக்கு அவரும் நானும் முசரவாக்கம் தாண்டி அந்தப் பாறைக்குப் போனோம்.

சபாபதி கெட்டவர் இல்லை. தறியில் உட்கார்ந்தால் ஓர் இழை பிசகாது. எங்கள் மஹாலட்சுமி, வேதக்காரப் பையன் ஜான்சனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. 'என் பொண்ணு செத்துட்டா' என்று இவர் தலைமுழுகினார். பச்சைக் குழந்தையோடு அவள் வந்து நின்றபோது, அவள் கண்ணெதிரே இன்னொரு குடம் ஊற்றிக்கொண்டார். 'செத்தவ எப்படிடி வருவா?' என்று என்னைத்தான் கேட்டார். எனக்குக் கோபம் என்று எழுதாதீர்கள். கோபக்காரர் அவர்.

பாறையில் அவராகத்தான் வழுக்கினார். நான் தள்ளவில்லை. பிளவுக்குள் இடுப்புவரை மாட்டிக்கொண்டார். 'கமலாட்சி, கையைக் குடுடி' என்றார். கை எட்டும் தூரம்தான். அவர் செல்போன் என் கூடையில் இருந்தது, அணைத்தேன். வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன். திருவண்ணாமலை போயிருக்கிறார் என்று தெருவில் சொன்னேன்.

அப்படியே விட்டுவிடவில்லை. தினம் போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பினால் எங்கே போனாய் என்பார்களே, அதற்குத்தான் கிள்ளினேன். அந்தப் பக்கம் ஆடுகூட ஏறாது. முதலில் திட்டினார். பிறகு தண்ணீர் கேட்டார். 'செத்தவருக்குத் தாகம் எடுக்குமா?' என்றேன். அடுத்த முறை போனபோது ஈதான் மொய்த்தது.

உங்கள் ஆட்கள் அவரைக் கொண்டுவந்து தெருவில் கிடத்தியபோது மஹாலட்சுமியும் வந்தாள். இடுப்பில் குழந்தை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே வாம்மா," என்றேன். "அப்பா இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு."