கைருன்னிசாவின் தோள்வலி

ஜலீல்: சிந்தலையே... பாத்தியா?

கைருன்னிசா: மேசையில கெடக்கிறது என்ன, மழைத்தண்ணியா?

ஜலீல்: ரெண்டு சொட்டு. அதப் போயி...

கைருன்னிசா: நாளைக்கு அலோர் ஸ்டார் கடையில இப்படி ரெண்டு ரெண்டு சொட்டா சிந்துனா உங்க அண்ணன் சும்மா இருப்பாரா? உங்க எடத்துல நிக்கிற அந்தப் புது ஆளையே வச்சிக்கிறேன்னுடுவாரு. இன்னொரு தடவ தேத்தண்ணிய ஒசரத் தூக்கி ஊத்தி இழுங்க.

ஜலீல்: இருலா... கை கொஞ்சம் நடுங்குது.

கைருன்னிசா: நடுங்கட்டும். பினாங்குல பாலமே கட்டி முடிச்சிருவாங்க, எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் வராது போல.

ஜலீல்: பேசுவ பேசுவ. நாலு மாசத்துக்கு முன்னால ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கெடந்தேன். இந்தக் கை சோத்த எடுத்து வாயில வைக்கல. மறந்துட்டியா?

கைருன்னிசா: எப்படி மறப்பேன்... ஊட்டி விட்டதே நான்தானே. சட்டைப் பட்டனும் நான்தான்.

ஜலீல்: அப்புறம்தான் உனக்குத் தோள்வலி வந்திருச்சே.

கைருன்னிசா: ...ஆமா. வந்திருச்சு.

ஜலீல்: நல்லா வந்துச்சு போ. ஊட்டவும் முடியாது, பட்டன் போடவும் முடியாது, செவ்வாயும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குக் கூட வரவும் முடியாது. இங்க மெர்கோங்லேருந்து நானே பஸ் ஏறிப் போனேன், ஒரு கால இழுத்துக்கிட்டு.

கைருன்னிசா: போனதுலதான கால் வந்துச்சு.

ஜலீல்: ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற ரமணி மிஸ்ஸியும் இதையேதான் சொல்லும். அங்க மூணு படிக்கட்டு வச்சிருக்காங்க, எந்த மாடிக்கும் போகாது. ஏறு, இறங்கு. ஏறு, இறங்கு. ‘பஸ் படியும் இதே ஒசரம்தான் அங்கிள்’னு சொல்லும். அப்புறம் மணிக்கட்டுல மணல் பைய கட்டி, ஒரு மக்குலேருந்து இன்னொரு மக்குக்குத் தண்ணி ஊத்தச் சொல்லும். மத்தவங்க கையில பந்து. எனக்கு மட்டும் மக்கு.

கைருன்னிசா: நீங்க தே இழுக்கிறவர்னு நான்தான் மிஸ்ஸிகிட்ட சொல்லி வச்சேன்.

ஜலீல்: நீதானா அது... அந்த மிஸ்ஸியவிட பஸ் கண்டக்டர்தான் மோசம். ‘சீக்கிரம், சீக்கிரம்’னு உயிர எடுப்பான். ரொம்பக் கண்டிப்பு.

கைருன்னிசா: யாரு, அந்த மீசைக்காரனா? அவனா கண்டிப்பு? ஒருநாளும் டிக்கெட்டே கேக்க மாட்டான்.

ஜலீல்: அந்த பஸ்ல நீ எப்ப போன?

கைருன்னிசா: ...பக்கத்து வீட்டு பஷீரா சொன்னா. ஆறுது, ஊத்துங்க.

ஜலீல்: சரி, பாத்துக்க... கை மேல போவுது... இன்னும் மேல... இந்தா.

கைருன்னிசா: ஒரு சொட்டு விழல.

ஜலீல்: நுரையப் பாரு.

கைருன்னிசா: பாத்தேன்... பாத்தேன்.

ஜலீல்: எதுக்கு அழுற? அதுவும் வலிக்கிற கையத் தூக்கியா கண்ணத் தொடைக்கிற?

கைருன்னிசா: ...வலியெல்லாம் ஒண்ணும் இல்லங்க. ‘நீங்களே எல்லாம் செஞ்சு குடுத்தா அங்கிள் கை எந்திரிக்காது ஆண்ட்டி’ன்னு மிஸ்ஸி சொல்லுச்சு. என்ன செய்யிறதுன்னு தெரியல, தோள்வலின்னுட்டேன். ஆனா உங்களத் தனியா விட மனசு வரல. நீங்க முன்வாசல்ல ஏறுனதும் நான் பின்வாசல்ல ஏறிடுவேன். கடைசி சீட்டுல முக்காட இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும்... கோவமா?

ஜலீல்: தே எப்படி இருக்கு?

கைருன்னிசா: சீனி கம்மி. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

ஜலீல்: மொத நாளே டிரைவர் கண்ணாடியில உன்னப் பாத்துட்டேன். கூப்புட்டா முன்னால வந்து கையப் புடிச்சிக்குவ. நானும் விடமாட்டேன்... அதான் கூப்புடல. ரெண்டு மாசமா உனக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் எடுத்தேன் கைருன். நாளைக்குக் கடைக்குப் போறப்ப ஒண்ணுதான் எடுப்பேன்.