சீர்த்தட்டில் ஒரு கோடு

– டப்பாவ ஆட்டிப் பாரு பாப்பா, உள்ள ஒண்ணுமே இல்ல. காலி டப்பாவயா தல தீவாளி சீர்த்தட்டுல வெப்பேன்?

– அது ஷோவுக்கு வெச்சது, லட்சுமிம்மா. கேமுக்கு இப்ப சீடியெல்லாம் யாரும் வாங்கறதில்ல. கோடு தான்.

– கோடா? அத நானே இழுப்பேனே. தெனம் வாசல்ல கோலம் போடறவ.

– அந்தக் கோடு இல்லம்மா. பதினாறு எழுத்து, நம்பர். ரீசார்ஜ் கார்டு மாதிரி சொரண்டினா தெரியும். உங்க மாப்ள அத கேமு மிஷின்ல அடிச்சாருன்னா கேமு தானா எறங்கிடும்.

– மணவாள நகர் பூரா தேடிக்கினு உன் கடைக்கு வந்தா, இத்துனூண்டு சீட்ட நீட்டற. எங்கூட்டுக்காரரு ஏற்கெனவே உறுமிக்கினு கீறாரு. மோதிரம் வேணாம், வெளாட்டு சாமான் வாங்கிக் குடுன்னு கேக்கற ஆளுக்கா பொண்ணக் குடுத்தோம்னு. எங்க சொந்தம் பூரா தட்டத் தான் பாக்கும். சிரிச்சாங்கன்னா எம்மானம் இன்னா ஆவறது?

– ஒண்ணும் ஆவாது. பட்டு வேட்டி, வெத்தல பாக்கு, வாழப்பழம், அதுக்கு மேல இந்தக் கார்டு. தங்கக் கலர்ல கவர் போட்டுத் தர்றேன். கிறிஸ்டினா கடைன்னா சும்மாவா?

– மூலைக்கு மூல மஞ்ச தடவணும். நம்பர் அழிஞ்சிடுமா?

– சொரண்டற எடத்துல படாம தடவுங்க.

– குங்குமம்?

– ஒரு பொட்டு. அதுக்கு மேல நான் கேரண்டி குடுக்க மாட்டேன். கேமு பேரு இன்னா?

– இந்தா, சீட்டு. மாப்ள எழுதினது.

– ஓ, இந்த லாரி கேமா! ரெண்டு பேரு ஆடறதும்மா. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கிளீனரா எறங்கி சைடு சொல்லணும். எளாவூர் செக்போஸ்ட் மாதிரி பாக்கற எடமெல்லாம் லாரியா நிக்கும்.

– ஆங். கிளீனரு கொஞ்சம் அசந்தா ரிவர்ஸ்ல பள்ளத்துல உழுந்துடும்.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– எம்பொண்ணு திலகா சொன்னா. ஏம்மா, எங்க திருவாலங்காட்ல இதுக்கு நெட்டு நிக்குமா?

– மாப்ள ஊடு கும்மிடிப்பூண்டில தானே?

– சும்மா கேட்டேன் கண்ணு.

– நிக்கும். இப்பல்லாம் மிஷினே வேணாம்மா. கேமு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல ஓடும், படம் மட்டும் உங்க போனுக்கு வரும். இன்னும் அஞ்சு வருசத்துல நான் இந்தக் கோடு கூட விக்க முடியாது.

– அப்ப இன்னா விப்ப?

– உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வெளக்கம் சொல்லித் தான் பொழைக்கணும்.

– அதுக்கு ஆளு கொறையாது, கவலப்படாத. இத ஆடறப்ப பேசினா மூஞ்சி தெரியுமா?

– தெரியாது. கொரலு மட்டும் கேக்கும்.

– தேவல.

– லட்சுமிம்மா, இங்க பாருங்க. ஆளுக்கொரு கோடு வேணும். இன்னொண்ணு யாருக்கு? திலகாவுக்கா?

– அத கேக்கத் தான் வந்ததுலருந்து நாக்கு கூசுது. சிரிக்கக் கூடாது.

– சிரிக்கல, சொல்லுங்க.

– ஆடிக்கு திலகா எங்கூட்டுக்கு வந்துட்டா. மாப்ள அங்க, இவ இங்க. ரெண்டும் போன்ல இந்த லாரிய, கொஞ்ச நாளைக்கு ஓசில குடுக்கறானே, அதுல ஓட்டிக்கினே கெடக்கும். ஒரு நாளு பாலு பொங்கிப் போச்சு. போன என் கையில திணிச்சிட்டு ஓடிட்டா. அவரு பின்னால எடுக்கறாரு, நேரா பள்ளம். 'டேய், லெஃப்ட்ல ஒடிடா'ன்னு கத்திட்டேன்.

– மாப்ளையவா?

– அவரு எதிர்ல நின்னு ஒரு வார்த்த பேசினதில்ல பாப்பா. கதவுக்குப் பின்னாலருந்து, சாப்ட வரச் சொல்லு திலகான்னு சொல்றதோட சரி. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

– கோச்சிக்கினாரா?

– மறுநாளு தான் மோதிரமே வேணாம்னுட்டாரு.

– ஐயோ. அவ்ளோ கோவமா?

– 'அத்தைய எனக்குக் கிளீனரா அனுப்பச் சொல்லு, அதான் எனக்குச் சீரு'ன்னு திலகா கிட்ட சொல்லிட்டாரு. அந்த இன்னொரு கோட எம்பேருல போடு கண்ணு.