ஜிகினா மாலையில் திரும்பிய ஒளி

என் பெயர் கங்கையா, வயது 34, தகப்பனார் பெயர் அண்ணாதுரை, சொந்த ஊர் வெதுருகுப்பம். தற்போது திருப்பதியில் குடியிருந்து, தனியார் கண்ணாடி ஆராய்ச்சிக் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக லேசர் மெஷின் ஓட்டுகிறேன். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. ஆகவே நான் தமிழில் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த ஸ்டேஷன் ஏட்டு எழுதுகிறார்.

ஆக்சைடு கண்ணாடிச் சில்லின் மேல் லேசர் அடித்து, சூடுபட்ட இடத்தில் மட்டும் படிகக் கோடு வளர்ப்பது எங்கள் வேலை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதைத் தடுக்கும் காகிள்ஸ் மூன்று பேருக்கு ஒன்றுதான். அதையும் மேனேஜர் வரதராஜன் மேஜையில் பூட்டி வைத்திருப்பார், பெரிய மனிதர்கள் வந்தால்தான் எடுப்பார்.

ஆயுத பூஜைக்கு மெஷினில் நான் ஜிகினா மாலை கட்டினேன். அது தானாக உதிரும்வரை கழற்றக்கூடாது என்று எங்கள் வழக்கம். புத்தி கெட்டுப்போய் 10.10.2008 காலை மாலையோடு மெஷினை ஓட்டினேன். அங்கேயே வேலை செய்யும் என் தங்கை சிவசங்கரி கோடு பார்க்கக் குனிந்தாள். ஃபேன் காற்றில் மாலை ஆடி, ஒளி அதில் பட்டுத் திரும்பி அவள் வலது கண்ணில் விழுந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, ஒன் மூஞ்சி தெர்ல" என்றாள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அந்தக் கண்ணில் இனி பார்வை வராது என்றார்கள். இருபதாம் தேதி அவள் ஜப்பானுக்கு வேலைக்குப் போக வேண்டியவள். ஒரு கண்ணோடும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினேன். சொல்லியும் சிவசங்கரி காகிள்ஸ் போடவில்லை என்று ரிஜிஸ்டரில் வரதராஜன் எழுதியிருந்தார். அப்படி எழுதியது ஜப்பான் கம்பெனிக்குத் தெரிந்தால் அவள் வேலை போச்சு.

"கையெழுத்துப் போட்டுட்டு போய்க்கினே இருடா" என்றார்.

இரும்பு ஸ்டாண்டால் அவர் வாயில் அடித்தேன், இரண்டு பல் ரிஜிஸ்டர் மேல் விழுந்தது. அதன் பிறகு தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய், லேசர் வரும் துவாரத்துக்கு நேரே முகத்தை அழுத்தி, கட்டைவிரலால் அவர் இமையைத் திறந்து பிடித்தேன். "ஐயோ, கங்கையா, நான் காகிள்ஸ் தரவேயில்ல, உட்டுர்றா" என்று அலறினார். உடன் வேலை செய்யும் கலைவாணி ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தாள்.

மெஷின் ஓடியதா என்று ஏட்டு கேட்டார். ஓடவில்லை. காலையில் சிவசங்கரிக்குக் கண் போனதுமே மெஷின் சாவியை எடுத்துவிட்டதாகக் கலைவாணி பிறகுதான் சொன்னாள். மிரட்டத்தான் பிடித்தாயா என்றும் கேட்டார். இல்லை. ஓடுகிறது என்று நினைத்தே பிடித்தேன்.

எழுதியதை ஏட்டு படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) அ. கங்கையா